செம்மஞ்சள் வயர்: கொழும்புப் பயணக் குறிப்புகள்

திங்கள்

யாழ்ப்பாணத்தில் இரவு ஏறிய பஸ் புத்தளம், சிலாபம் என்று உருண்டு, விடிய ஐந்தரைக்கு எங்களை வெள்ளவத்தையில் இறக்கிவிட்டது. நானும் அக்காவின் மகனும் வந்திருக்கிறோம். சொந்தக்காரர் வீட்டில் குளித்துத் தேத்தண்ணி குடித்து எட்டு மணிக்கே வெளிக்கிட்டுவிட்டோம். கொக்குவிலில் இருக்கும் எங்கள் கராஜை ஹைபிரிட் (பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும்), மின்சார வாகனங்களுக்கு ஏற்றபடி தயார்படுத்த வேண்டும். அதற்கு என்ன வேண்டும், எதை முதலில் வாங்க வேண்டும், யாரிடம் கேட்கலாம் என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். ஊரில் கராஜ் வைத்திருக்கும் பலரும் இதே கேள்வியோடு இருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு நாள் இரவும் எழுதிப் போடப் போகிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் இருந்த அக்வா, அக்சியோ, பிரியஸ், வெசல், ஃபிட் போன்ற ஜப்பான் ஹைபிரிட் கார்கள் எல்லாம் மாற்ற வழியில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தன. அவற்றின் பெரிய பற்றறிகளுக்கு வயது போய்விட்டது. இன்னொரு பக்கம் பி.வை.டி. போன்ற சீனத்து மின்சாரக் கார்கள் புதிதாக வந்துகொண்டிருக்கின்றன. பழையதும் புதியதும் கடைசியில் எங்களைப் போன்ற சின்னக் கராஜ்களின் வாசலுக்குத்தான் வரும்.

எங்கள் கராஜ் அப்பா தொடங்கியது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் காலம். பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் ஊருக்குள் பெற்றோல் கிடையாது. கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். இல்லாத சாமானைக் கடைந்து செய்வார்கள். சமாளிக்கத் தெரிந்த கை என்பது எங்கள் ஊர் மெக்கானிக்கின் பெருமை. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் செம்மஞ்சள் வயர் (உயர் வோல்ற் மின்சாரம் போகும் வயர்) ஓடும் வாகனத்தில் சமாளிக்கப் போனால் உயிர் போகும். இதை எங்கள் கராஜில் எல்லோர் மனதிலும் எப்படிப் பதிப்பது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. சாமான் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் போனது தெமட்டகொடையில் ஹைபிரிட் பற்றறி வேலை மட்டும் செய்யும் ஒரு சின்ன இடத்துக்கு. நடத்துபவர் மட்டக்களப்பு அண்ணை. ஏற்கனவே போனில் கதைத்திருந்ததால், “வாங்கோ, ஒரு அக்வா திறக்கப்போறன், நிண்டு பாருங்கோ” என்றார்.

அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன். மணிக்கூடு, மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டார். காரின் சாவியைக் கொண்டுபோய் அலுவலக மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார். இந்தக் கார்களில் சாவி பக்கத்தில் இருந்தாலே போதும், யாராவது தவறி பட்டனை அமத்தினால் சத்தமில்லாமல் உயிர் வந்துவிடும். பிறகு 12 வோல்ற் பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றினார். இரப்பர் கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, காதோடு வைத்து அமத்திக் கேட்டார். ஊசித் துளை இருந்தால் காற்று சீறும். இரண்டு கையுறைக்கும் இப்படிச் செய்து பார்த்துத்தான் மாட்டினார், மேலே தோல் கையுறையும் போட்டார். பெரிய பற்றறியின் மின்சுற்றைத் துண்டிக்கும் சேவிஸ் பிளக்கைப் பிடுங்கி தன் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்.

பத்து நிமிடம் யாரும் காரைத் தொடவில்லை. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிற மாதிரி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும், பற்றறி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டருக்குள் இருக்கும் கப்பாசிற்றர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அது இறங்குவதற்குத்தான் அந்தப் பத்து நிமிடம்.

அப்புறம் மீற்றரை எடுத்தார். முதலில் 12 வோல்ற் பற்றறியில் வைத்து மீற்றர் வேலை செய்கிறதா என்று பார்த்தார். பிறகு இன்வேட்டர் முனைகளில் வைத்தார், பூச்சியம். மறுபடி 12 வோல்ற் பற்றறியில் வைத்தார், மீற்றர் சரி. அதற்குப் பிறகுதான் ஸ்பானர்.

மருமகன் கேட்டான்: “பிளக்கைக் கழட்டியாச்சுத்தானே அண்ணை, பிறகேன் அளக்கிறீங்கள்?”

“பிளக்கைக் கழட்டினது எனக்குத் தெரியும் தம்பி. உள்ளுக்கு மின்சாரத்தை வெட்டுற ரிலே ஒட்டிப்போய் இருக்கா இல்லையா எண்டது எனக்குத் தெரியாது. மீற்றருக்குத்தான் தெரியும்.”

பின் இருக்கைக்கு அடியில் இருந்து பற்றறியை எடுத்தார். சேவிஸ் பிளக் இல்லாவிட்டாலும் பற்றறிப் பெட்டிக்குள் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், அதை எந்தப் பிளக்காலும் இல்லாமல் செய்ய முடியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதனால் பெட்டி திறந்த பிறகும் கையுறை கழறவில்லை. அக்வாவில் 20 மொடியூல்கள் (சில செல்களைச் சேர்த்த பற்றறித் துண்டுகள்), ஒவ்வொன்றும் 7.2 வோல்ற், மொத்தம் 144. பிரியஸில் 28 மொடியூல்கள், 201.6 வோல்ற். இந்தக் காரில் ஸ்கானர் (காரின் கணினியை வாசிக்கும் கருவி) காட்டிய பிழைக் கோட் பி0ஏ80, அதாவது பற்றறி பலவீனம்.

முதலில் காட்டியது விசிறியை. பற்றறிக்குக் காற்று கொடுக்கும் அந்தச் சின்ன விசிறியின் இதழ்களில் தூசியும் தலைமயிரும் சீற்றுப் பஞ்சும் திரண்டு கம்பளிபோல ஒட்டிக்கிடந்தன. காற்று போகும் ஓட்டை பின் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் முன்னால் பையை, குடையை வைத்து அடைத்துவிடுகிறார்கள். இந்தச் சூட்டில் காற்று இல்லாத பற்றறி எவ்வளவு காலம் நிற்கும்? சேவிஸுக்கு வரும் ஒவ்வொரு ஹைபிரிட்டிலும் இந்த விசிறியைத் துப்பரவாக்கினாலே பல பற்றறிகள் தப்பும். இதற்குப் பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. எங்கள் ஊரில் இதை எத்தனை பேர் செய்கிறோம்?

மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. கடற்காற்று. பிறகு ஒவ்வொரு மொடியூலுக்கும் ஒரு முன்விளக்கு பல்ப்பைச் சுமையாகக் கொடுத்து அளந்தார். மற்றவை 7.6இல் நிற்க, ஒன்று மட்டும் 6.4க்கு விழுந்தது. ஒரு செல் 1.2 வோல்ற். அந்த மொடியூலுக்குள் ஒரு செல் செத்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுக்கலாம், செலவும் குறைவு. ஆனால் மற்றப் 19உம் அதே வயதுதான். சில மாதத்தில் அடுத்தது விழும். அண்ணை இதை வாகனக்காரருக்கு முகத்துக்கு நேரே சொல்கிறார்: ஒன்றை மாற்றினால் இது தற்காலிகம், முழுவதையும் மாற்றினால் இவ்வளவு, முடிவு உங்களுடையது. அப்படிச் சொல்லாமல் ஒரு மொடியூலைப் போட்டு, கோட்டை அழித்து, “பற்றறி புதுசு மாதிரி” என்று அனுப்பிவிடுபவர்களால் இந்தத் தொழிலின் பெயரே கெடுகிறது.

செவ்வாய்

பஞ்சிகாவத்தை. மருதானைப் பக்கம் ஓட்டோவை விட்டு இறங்கினால் இரண்டு கரையும் கடைகள். ஒன்றில் முன்விளக்குகள் மட்டும், அடுத்ததில் கியர்பொக்ஸ், அதற்கடுத்ததில் கதவுகளைப் புத்தகம்போலச் சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள். நடைபாதை எண்ணெய் ஊறிக் கறுத்துப்போய்க் கிடக்கிறது. அப்பாவோடு சின்ன வயதில் வந்தபோதும் இப்படித்தான் இருந்தது. இப்போது கியர்பொக்ஸ்களுக்குப் பக்கத்தில் இன்வேட்டர்களும் ஹைபிரிட் பற்றறிகளும் வரிசையாக இருக்கின்றன.

ஒரு நாநாவின் கடையில் நீண்ட நேரம் நின்றோம். ஜப்பானில் பாவித்த பற்றறிகள். அவர் ஒவ்வொன்றின் முனையையும் ரேப் சுற்றி மூடி, சேவிஸ் பிளக்கைத் தனியாகக் கழற்றி வைத்திருந்தார். “வாங்கிட்டுப் போய் லோட் போட்டுப் பாருங்க, சரியில்லாட்டி கொண்டு வாங்க, வெறும் வோல்ற்றைப் பார்த்து எடுக்காதீங்க” என்று அவரே சொன்னார். நல்ல மனிதர். சும்மா இருக்கும்போது நல்ல வோல்ற் காட்டும் மொடியூல், சுமை கொடுத்ததும் படுத்துவிடும் என்பதை நேற்றுத்தான் கண்ணால் பார்த்திருந்தோம்.

இன்னோர் இடத்தில் முனைகள் திறந்தபடி பற்றறிகள், அவற்றின் மேல் இரும்பு ஜக் ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பொடியன் செருப்போடு இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. டி.சி. (பற்றறியில் உள்ள நேரோட்ட) மின்சாரத்தில் 60 வோல்ற்றைத் தாண்டினாலே ஆபத்து என்றுதான் உலகம் முழுக்க வாகன மின்சாரத்துக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தப் பெட்டிகளில் இருப்பது அதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. அந்தப் பிள்ளைக்கு யாராவது இதைச் சொன்னார்களா தெரியவில்லை. நாங்கள் சொல்லிவிட்டு வந்தோம்.

பின்னேரம் கையுறை தேடி அலைந்தோம். பெரிய வேலையே இதுதான். புறக்கோட்டையில் கேட்ட இடங்களில் தடிப்பான இரப்பர் கையுறையைக் காட்டி “1000 வோல்ற்” என்கிறார்கள். திருப்பிப் பார்த்தால் வகுப்பும் இல்லை, சோதித்த திகதியும் இல்லை. நமக்கு வேண்டியது வகுப்பு 0. சிவப்பு முத்திரை குத்தியிருக்கும். மாறும் மின்சாரத்தில் (வீட்டுக் கரண்ட்) 1000 வோல்ற் வரை, டி.சி.யில் 1500 வோல்ற் வரை பாவிக்கலாம். மேலே தோல் கையுறை கட்டாயம், அது இல்லாமல் ஒரு தகட்டு விளிம்பு பட்டாலே இரப்பர் கிழிந்துவிடும். பாவனையில் உள்ள கையுறையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரம் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது நடைமுறை. அது முடியாத கராஜ் ஆறு மாதத்தில் புதியது வாங்குவதுதான் சரி. பாதுகாப்புச் சாமான் மட்டும் விற்கும் ஒரு கடையில் கடைசியில் கிடைத்தது. எனக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று, அவரவர் கை அளவில். பெரிய கையுறைக்குள் சின்னக் கை போனால் நட்டைப் பிடிக்க முடியாமல் கழற்றிவிடுவார்கள். அங்கேதான் விபத்து.

ஸ்பானர்களும் அப்படித்தான். ரேப் சுற்றிய ஸ்பானர் காப்பிட்ட (மின்சாரம் கடத்தாத உறை போட்ட) ஸ்பானர் ஆகாது. ஐ.இ.சி. 60900 என்ற தர எண்ணும், இரட்டை முக்கோணக் குறியும், 1000 வோல்ற் என்ற எழுத்தும் கைப்பிடியில் இருக்க வேண்டும். மீற்றருக்குக் கற் 3 (அதன் பாதுகாப்பு வகை), 1000 வோல்ற். மீற்றரில் மட்டும் அப்படி எழுதியிருந்தால் போதாது, அதன் வயர்களிலும் இருக்க வேண்டும்.

போன கடையிலெல்லாம் முதலில் மேசையில் வைப்பது ஸ்கானரைத்தான். வண்ணத் திரை, ஆயிரம் வாகனம், எல்லாக் கோட்டும் அழிக்கும் என்று சொல்கிறார்கள். ஸ்கானர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பற்றறிப் பகுதியின் வோல்ற்றையும் வெப்பத்தையும் பார்க்க அது இல்லாமல் முடியாது. ஆனால் கையுறையும் மீற்றரும் இல்லாத கராஜில் ஸ்கானர் மட்டும் இருந்தால், அந்தக் கராஜ் செய்யக்கூடாத வேலையை எடுக்கத் தொடங்கும். எங்கள் பட்டியலில் ஸ்கானர் கடைசியில்தான் இருக்கிறது.

புதன்

காலையிலிருந்து மழை. காலி வீதியில் 100, 101 பஸ்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகின்றன. வெளியே போகவில்லை. கொப்பியில் எங்கள் கராஜின் படத்தைக் கீறி எந்த மூலையை ஒதுக்கலாம் என்று இரண்டு பேரும் வாதாடினோம். மருமகன் வாசல் பக்கம் என்கிறான், எனக்கு மதில் பக்கம். வாசலில் ஆட்கள் நடமாட்டம் கூட.

ஊரில் ஹைபிரிட் என்று எல்லோரும் சொல்லும் வாகன் ஆர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது 12 வோல்ற்றிலேயே ஓடும் முறை. ஸ்டார்ட்டும் பண்ணி, எஞ்சினுக்குக் கொஞ்சம் கையும் கொடுக்கும் ஒரு ஜெனறேற்றர், இருக்கைக்கு அடியில் சின்ன லித்தியம் பற்றறி, அவ்வளவுதான். செம்மஞ்சள் வயர் கிடையாது. அதைப் பார்த்துப் பழகிய கை அக்வாவிலும் அப்படியே போகக்கூடாது.

வியாழன்

ராஜகிரியவில் மின்சாரக் கார்களைப் பார்க்கும் ஒரு தனியார் கராஜ். முதலாளி சிங்களவர், தலைமை மெக்கானிக் ஹட்டன் பக்கத்துத் தம்பி. இரண்டு பேரும் எங்களுக்காக அரை நாளை ஒதுக்கினார்கள். இந்த உதவியை மறக்க மாட்டேன்.

மின்சார வேலைக்கென்று ஒரு இடத்தை மஞ்சள் கறுப்புச் சங்கிலியால் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். கீழே காப்பு இரப்பர் விரிப்பு. சங்கிலியில் ஒரு பலகை: இந்த வாகனம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது, மின்சாரம் துண்டிக்கப்பட்டதா, எத்தனை மணிக்கு அளக்கப்பட்டது. பெயர் எழுதியவரைத் தவிர வேறு யாரும் சங்கிலியைத் தாண்டக்கூடாது, முதலாளியும்தான். சுவரில் ஒரு நீண்ட காப்புக் கொக்கித் தடி தொங்குகிறது. யாருக்காவது ஷொக் அடித்தால் கையால் தொடாமல் அந்தத் தடியால் இழுத்தெடுக்க வேண்டும். அதற்கு இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டுமே. அதனால் செம்மஞ்சள் வேலையை யாரும் தனியாகச் செய்வதில்லை. மற்றவர் சாப்பிடப் போனால் இவரும் கையை எடுத்துவிட வேண்டும்.

வாகனம் தூக்கும் ஹொயிஸ்ற்றில் நின்றது பழைய நிசான் லீஃப். 24 கிலோவொற் மணி பற்றறி, 48 மொடியூல்கள், ஏறத்தாழ 360 வோல்ற். பெட்டி மட்டும் கிட்டத்தட்ட 300 கிலோ. அடிப்பக்கம் முழுக்க அதுதான் படுத்திருக்கிறது. எங்கள் இரண்டு தூண் ஹொயிஸ்ற்றில் கையை வழமையான இடத்தில் வைத்துத் தூக்கினால் பற்றறிப் பெட்டி நசியும். வெளி ஓரத்தில் உற்பத்தியாளர் காட்டிய புள்ளியில் மட்டும் கை வைக்க வேண்டும், இறக்குவதற்கு உயர்த்தி இறக்கும் மேசை வேண்டும். லீஃப் பற்றறியைக் குளிராக்க விசிறியும் இல்லை, தண்ணீரும் இல்லை. எங்கள் வெயிலில் அதன் கொள்ளளவு சீக்கிரம் குறைந்து, டாஷ்போர்டில் உள்ள 12 கோடுகள் ஒவ்வொன்றாக அணைவது அதனால்தான். சந்தைக்குப் பழைய லீஃப் வாங்கப் போகிறவர்கள் ஓடிய தூரத்தை விட்டுவிட்டு முதலில் அந்தக் கோடுகளை எண்ணட்டும்.

ஹட்டன் தம்பி சொன்னவற்றில் எனக்குப் புதியது ஏ.சி. (காரின் குளிரூட்டி) எண்ணெய் விஷயம். இந்தக் கார்களில் ஏ.சி. கொம்பிரெசர் மின்சாரத்தில் ஓடுகிறது, அதன் மோட்டார் சுற்று எண்ணெய்க்குள்ளேயே இருக்கிறது. அதனால் மின்சாரம் கடத்தாத தனி எண்ணெய், பல ஜப்பான் கார்களுக்கு என்.டி. 11, விட வேண்டும். சாதாரண கார்களுக்கு விடும் பி.ஏ.ஜி. எண்ணெய் கொஞ்சம் கலந்தாலே காப்பு கெட்டு, உயர் வோல்ற் மின்சாரம் பொடிக்கு (காரின் உலோக உடலுக்கு) கசியத் தொடங்கும். கார் அதைக் கண்டுபிடித்து, ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கையே எரிய விடாது. அவர்களிடம் வந்த ஒரு கார் அப்படித்தான்: எங்கோ ஓரிடத்தில் காஸ் அடித்திருக்கிறார்கள், இரண்டு கிழமையில் நடுவழியில் நின்றுவிட்டது, கொம்பிரெசரே மாற்ற வேண்டி வந்தது. எங்கள் ஊரில் எல்லாக் காருக்கும் ஒரே மெசின், ஒரே ஹோஸ்தான். ஹோஸுக்குள் தங்கியிருக்கும் பழைய எண்ணெயே போதும் கெடுப்பதற்கு. ஏ.சி. வேலை செய்யும் நண்பர்கள் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசியுங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்கும் முறையையும் மருமகனின் கையில் மெகரைக் (மின்கசிவை அளக்கும் கருவி) கொடுத்துச் செய்யவைத்தார். பற்றறியைப் பிரித்த பிறகு, கையுறையோடு, 500 வோல்ற்றில் வைத்து ஒவ்வொரு செம்மஞ்சள் வயருக்கும் பொடிக்கும் இடையில் அளக்க வேண்டும். டி.சி. பக்கத்தில் வோல்ற்றுக்கு 100 ஓம் என்பதுதான் அடிமட்ட எல்லை. 360 வோல்ற் காருக்கு 36,000 ஓம். நல்ல கார் அதற்கு எவ்வளவோ மேலே, மெகா ஓம் கணக்கில் காட்டும்.

வளவின் பின்பக்கம் காலியாக ஒரு வெளி. மோதி நசிந்த மின்சாரக் கார்களை அங்கேதான் விடுகிறார்கள், கட்டடத்திலிருந்தும் மற்ற வாகனங்களிலிருந்தும் 15 மீற்றர் தள்ளி. அடிபட்ட லித்தியம் பற்றறி அன்றைக்கே எரியாமல் மூன்றாம் நாள் எரியலாம். எரிந்தால் பவுடர் அடித்து அது நிற்காது. தண்ணீர், நிறையத் தண்ணீர், நீண்ட நேரம் வேண்டும்.

எங்கள் வளவில் 15 மீற்றர் எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் பக்கத்து வீட்டுக் கிடுகு வேலி, மறுபக்கம் பெயின்ற் களஞ்சியம். திரும்பி வரும் வழியில் முடிவு செய்துவிட்டேன்: தனியாக ஒரு வெறும் காணி ஒழுங்காகும் வரை மோதிய மின்சாரக் கார் ஒன்றையும் எடுக்க மாட்டோம். காசு போனால் போகட்டும்.

வெள்ளி

மருதானையில் ஒரு சாப்பாட்டுக் கடையில், வாகனத் தொழிற்பயிற்சி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தோம். மெக்கானிக்காக வேலை செய்துவிட்டுக் கற்பிக்க வந்தவர். கொழும்பில் வாகனத் தொழில் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒறுகொடவத்தையில் ஒரு நிலையம் இருக்கிறது, மொறட்டுவையில் எல்லோரும் ஜேர்மன் டெக் என்று சொல்லும் பழைய நிறுவனம் இருக்கிறது. படிக்காமல் தொழிலில் வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கும் வழி உண்டு. முன் அனுபவத்தைச் சோதித்து என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் கொடுக்கும் முறை அது. எங்கள் கராஜில் வேலை செய்யும் இரண்டு பேரை அதற்கு விண்ணப்பிக்க வைக்கப் போகிறேன். நல்ல கைகள், கையில் ஒரு கடதாசியும் இல்லை.

அவர் சொன்ன ஒரு விஷயம் இந்தப் பயணத்துக்கே போதும். ஜேர்மனியில் இந்த வேலைக்குத் தகுதியை மூன்று படியாகப் பிரிக்கிறார்களாம். முதல் படி, மின்சாரத்தில் கை வைக்காமல் ரயர், பிரேக், பொடி வேலை செய்பவர். அவருக்கும் அறிவுறுத்தல் கட்டாயம். இரண்டாம் படி, மின்சாரத்தைத் துண்டித்து, பூச்சியம் என்று அளந்து உறுதி செய்து வேலை செய்பவர். மூன்றாம் படி, மின்சாரம் உள்ள நிலையிலேயே வேலை செய்பவர், பற்றறிப் பெட்டியைத் திறப்பவர். “உங்கட கராஜ் இப்ப எந்தப் படி எண்டு நீங்களே சொல்லுங்கோ” என்றார்.

நேர்மையாகச் சொன்னால், முதல் படியிலும் எல்லோரும் இல்லை. வாகனம் கழுவும் பொடியனுக்கு எஞ்சின் அறைக்குள் செம்மஞ்சள் வயர் மீது அழுத்தத் தண்ணீர் அடிக்கக்கூடாது என்று தெரியாது. ரிங்கரிங் (பொடி நசிவு நிமிர்த்தும் வேலை) செய்யும் அண்ணைக்கு, வெல்டிங் தொடங்க முன் 12 வோல்ற்றையும் சேவிஸ் பிளக்கையும் கழற்ற வேண்டும் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. இடையில் நின்ற அக்வாவை இழுத்து வரப் போகிறவருக்கு, முன் சில்லு தரையில் உருள இழுத்தால் உள்ளே மோட்டார் மின்சாரம் பிறப்பிக்கும், முன்பக்கத்தைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். பற்றறி திறப்பவர் கையுறை போட்டிருப்பார். ஒன்றும் தெரியாமல் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் அதிக ஆபத்து.

இன்னொன்று, நாங்கள் பார்த்தவரை தமிழில் எதுவும் இல்லை. காரில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை ஜப்பான் மொழியில் இருக்கிறது, கைநூல் ஆங்கிலத்தில், பயிற்சிக் குறிப்புகள் பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். பதினெட்டு வயதில் வேலைக்கு வரும் எங்கள் பிள்ளை எதை வாசித்துத் தெரிந்துகொள்ளும்? ஆசிரியரும் நானும் மருமகனும் அந்தக் கடை மேசையிலேயே இருந்து ஒரு சுவர்த்தாள் எழுதினோம். பெரிய எழுத்தில், சின்ன வசனங்களில்: சாவியைத் தூரத்தில் பூட்டு. 12 வோல்ற் நெகற்றிவைக் கழற்று. கையுறையில் காற்றடைத்துப் பார். சேவிஸ் பிளக்கைக் கழற்றி உன் பொக்கற்றில் வை. பத்து நிமிடம் காத்திரு. மீற்றரைச் சோதி, அள, மறுபடி மீற்றரைச் சோதி. பூச்சியம் என்றால் பலகையில் பெயரும் நேரமும் எழுது. பூச்சியம் இல்லை என்றால் தள்ளி நில், கூப்பிடு.

ஆசிரியர் ஒவ்வொரு வரியையும் திரும்ப வாசித்துப் பார்த்தார். “சரி, இதை அடிச்சு ஒட்டுங்கோ. ஒட்டினாப் போதாது, திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை ஒருத்தரைக் கொண்டு உரத்து வாசிக்க வையுங்கோ.”

சனி

இரவு பஸ் எட்டரைக்கு. பகலில் பழைய சோனகத் தெருப் பக்கம் போய் சங்கிலியும் கம்பங்களும் ஒரு பூட்டுப் பெட்டியும் வாங்கினோம். பஞ்சிகாவத்தையில் பார்த்த பற்றறியை வாங்கவில்லை. பாவித்த பற்றறியை, அதுவும் லித்தியம் என்றால், பயணிகள் பஸ்ஸின் அடிப்பெட்டிக்குள் போட்டு அனுப்புவதை யாரும் செய்யாதீர்கள். மேலே நாற்பது பேர் நித்திரை. லொறியில், முனைகளை மூடி, பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

சார்ஜ் பண்ணும் இடம் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். 32 அம்பியரில் 7 கிலோவொற் சார்ஜர் ஒன்றைப் போடுவதென்றால் கராஜின் பழைய வயரிங்கில் தொங்கவிட முடியாது. டி.சி. கசிவையும் பிடிக்கும் வகை ரிப் சுவிச், தனி வயர், ஒழுங்கான ஏர்த் மூன்றும் வேண்டும். எங்கள் ஏர்த் கம்பியை அளந்து பார்க்க ஊரில் இருக்கும் மின்சார வேலைக்காரரிடம் போனிலேயே சொல்லிவிட்டேன்.

வாங்கியவை: இரண்டு சோடி கையுறை தோலுறையோடு, முகக் கவசம், காப்பிட்ட ஸ்பானர் பெட்டி, மீற்றர், மெகர், இரப்பர் விரிப்பு, என்.டி. 11 எண்ணெய் இரண்டு ரின். வாங்காதவை: ஸ்கானர், பற்றறி இறக்கும் மேசை. மேசையை ஊரில் செய்விக்கலாம் என்று மருமகன் சொல்கிறான். ஹைட்ரோலிக் வேலையில் எங்கள் ஊர்க் கைகளை நான் நம்புகிறேன். அது சமாளிக்கக்கூடிய வேலை.

கையுறைகளை மடிக்காமல் உறையோடு அவன் தன் தோள்பையில் வைத்திருக்கிறான். மடிப்பு விழுந்த இடத்தில்தான் இரப்பர் முதலில் வெடிக்கும்.

திங்கட்கிழமை மதில் பக்க மூலையை ஒதுக்கிச் சங்கிலி கட்டுகிறோம் (வாசல் பக்கம் வேண்டாம் என்று அவனே ஒத்துக்கொண்டுவிட்டான்). மானிப்பாயிலிருந்து ஒரு அக்வா சேவிஸுக்கு வரவிருக்கிறது. பற்றறியைத் திறக்க மாட்டோம், விசிறியைத் துப்பரவாக்குவோம். பற்றறி திறக்கும் வேலை வந்தால், மருமகன் தெமட்டகொடை அண்ணையிடம் வந்து நின்று பழகும் வரைக்கும் அவரிடமே அனுப்புவோம். அவரும் அதற்குச் சம்மதித்திருக்கிறார். சுவர்த்தாளை அச்சடித்ததும் படத்தை இங்கே போடுகிறேன். வேண்டியவர்கள் எடுத்து உங்கள் கராஜிலும் ஒட்டுங்கள், கேட்க வேண்டியதில்லை.